ஹார்ன் அடிப்பதற்கான நிபந்தனை

"கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது மாமா" என்றான் என் தம்பி.

என் கணவர் தட்டில் இருந்ததை விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் அவர் சாப்பிடுகிற லட்சணமே அப்படித்தான். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஆறுதல் சொல்ல வந்தவன் பேசுகிற பேச்சா இது? ஆனால் அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரி, பழைய சட்டையைப் பிரித்துப் புதுச்சட்டை தைத்துப் போட்டு, கம்ப்யூட்டர் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். அவன் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் பாதி வழியில் நின்றுவிடும். என் வாய்க்குப் பயந்து நான் வேலை பார்க்கிற துணிக்கடை மேனேஜரே சுற்றிப் போவார். தம்பி விஷயத்தில் மட்டும் அந்த வாய் ஊமை.

நெட்டை செத்துப்போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. நெட்டை என்பது ஐஸ் ஃபேக்டரியில் எல்லோரும் அவரைக் கூப்பிட்ட பேர். என் கணவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, "உங்க வீட்டைக் கட்டினவன் குள்ளன்மா" என்று என்னிடம் சண்டை பிடிப்பார். இப்போது அவர் இல்லை. அவரைக் கொன்றது என் கணவர் என்று கேஸ்.

ஐஸ் எப்படி உறைகிறது என்று கல்யாணத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாது. குழாய்களுக்குள் அம்மோனியா என்ற வாயு ஓடுகிறது, அதுதான் குளிர்ச்சியைக் கொடுக்கிறது. வெளியே வந்தால் ஆளைக் கொல்லும். மெஷின் ரூமில் அந்த நெடி லேசாக எப்போதும் இருக்கும். வேலை செய்கிறவர்களின் மூக்குக்கு அது பழகிவிடும், அதனால் மூக்கை நம்ப முடியாது. எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க என் கணவர் கந்தகக் குச்சியைக் கொளுத்தி ஒவ்வொரு வால்வாகக் காட்டிக்கொண்டு போவார். கசிவு இருந்தால் அந்த இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். அவர் அந்த மெஷின் ரூமுக்குப் பொறுப்பான ஆபரேட்டர். நெட்டை ஐஸ் கேன்களை இழுத்துத் தண்ணீரில் முக்கிக் கழற்றுகிறவர்.

முதலாளி திடீரென்று ஒரு அலாரம் வைக்க வேண்டும் என்று முடிவு பண்ணினார். சுவரில் கசிவை மோப்பம் பிடிக்க ஒரு சென்சார் பெட்டி, கதவுக்கு மேல் ஒரு ஹார்ன். பெரிய கம்பெனிக்காரர்கள் கேட்ட ரேட்டில் முதலாளிக்கு மயக்கமே வந்தது. "என் தம்பி புதுசா ஒரு கம்பெனியில சேர்ந்திருக்கான், சல்லிசா பண்ணித் தருவாங்க" என்று சொல்லிவிட்டது நான்தான். தம்பி தனியாகச் செய்த முதல் வேலை அது. புரோகிராம் எழுதி, பெட்டிக்குள் ஏற்றி, கரண்ட் கொடுத்தான்.

கரண்ட் கொடுத்ததிலிருந்து ஹார்ன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எங்கேயோ கொஞ்சம் கசியுது மாமா. மெஷின் சரியாத்தான் சொல்லுது" என்றான் தம்பி. என் கணவர் கந்தகக் குச்சியோடு ஏணியில் ஏறினார், இறங்கினார், குழாய் குழாயாகத் தவழ்ந்தார். வெள்ளைப் புகை ஒரு இடத்திலும் வரவில்லை. எல்லா வால்வையும் இறுக்கிக் கட்டினார். ஹார்ன் நிற்கவில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னதற்கு, "அடிக்காம இருக்கறதுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கறது மேல்ய்யா" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு என்ன, கண்ணாடிக்கு உள்ளே சத்தம் கேட்காது. என் கணவர் வீட்டுக்கு வந்தால் நான் பக்கத்தில் நின்று பேசுவதே காதில் விழாது. போன் பண்ணினால் அவர் குரலுக்குப் பின்னால் அந்த ஊளைதான் கேட்கும். கடைசியில் ஒருநாள் அவர் ஹார்ன் வயரைப் பிடுங்கிப் போட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டார். நெட்டையும் அவரும் இப்போது சத்தம் போடாமலே பேசிக்கொள்ள முடிகிறது என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒரு காலை நேரம் நெட்டை மெஷின் ரூமில் தனியாக இருந்தபோது நிஜமாகவே ஒரு வால்வின் கழுத்தில் விரிசல் விட்டது. முதலில் கொஞ்சமாகத்தான் கசிந்திருக்கும் என்றார்கள். ஹார்ன் அடித்திருந்தால் நடந்து வெளியே வந்திருப்பார். அது அடிக்கவில்லை. மூக்குக்குத் தெரிந்தபோது கண் தெரியாமல் போய்விட்டது. அந்த உயரமான மனிதர் கதவுக்கு மிக அருகில் விழுந்து கிடந்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போயிருந்த என் கணவர்தான் ஈரச்சாக்கை முகத்தில் கட்டிக்கொண்டு போய் இழுத்து வந்தார். பிரயோசனம் இல்லை.

வயரைப் பிடுங்கியது யார் என்று கேட்டதும் என் கணவர் "நான்" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதருக்கு ஒரு பொய் ஒழுங்காகச் சொல்ல வராது. "இந்தச் சனியனைப் புடுங்கிப் போடுய்யா, காது போகுது" என்று நச்சரித்தது நெட்டைதான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னார். செத்தவர் தலையில் பழியைப் போடக்கூடாதாம். நெட்டையின் மனைவி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஏன்ணா புடுங்கினீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதிலிருந்து அவருக்குப் பேச்சே குறைந்துபோனது.

விசாரணைக்கு ஒரு அரசாங்க அதிகாரி வந்தார், நடுவயதுப் பெண்மணி. முதலாளியின் வக்கீல் அவர் முன்னால் அழகாகக் கோத்துப் பேசினார். ஹார்ன் அடித்தது, ஏனென்றால் வாயு கசிந்தது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டியவர் ஆபரேட்டர். அவர் கசிவை அடைக்காமல் ஹார்னின் வாயை அடைத்தார். என் தம்பியைக் கூப்பிட்டு, "காரணமே இல்லாம ஹார்ன் அடிக்குமா?" என்று கேட்டார்கள். "வாய்ப்பே இல்லை" என்றான். அன்று வீட்டுக்கு வந்துதான் அந்தப் பொய் சொல்லத் தெரியாத கம்ப்யூட்டர் பேச்சு.

என் கணவர் கை கழுவிவிட்டு வெளியே போனார். நடந்து நடந்து காலைத் தேய்ப்பதுதான் அப்போது அவருக்கு வேலை. நான் தையல் மெஷின் மேல் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, "இங்க உக்காரு" என்றேன் தம்பியிடம். "அந்தப் பெட்டி எப்படி யோசிக்குதுன்னு எனக்குச் சொல்லிக் குடு."

"உனக்கா? எதுக்குக்கா?"

"விசாரணையில ஆளாளுக்குக் கண்டிஷன் கண்டிஷன்கிறாங்க. நான் ஒண்ணும் புரியாமத் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். என் புருஷனைக் குத்தவாளின்னு சொல்ற பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவனுக்குச் சந்தோஷம்தான். சின்ன வயதில் நான் அவனை உட்காரவைத்துப் பாடம் கேட்ட கணக்கைத் தீர்ப்பவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அதுக்கு உண்மை, பொய்னு ரெண்டு வார்த்தைதான்கா தெரியும். நடுவுல ஒண்ணும் கிடையாது. அதை ஒட்டவைக்க மூணு சொல் இருக்கு. அண்ட், ஆர், நாட். இந்த அண்ட் இருக்குல்ல, அது அடுப்பு மாதிரி. கேஸும் இருக்கணும், லைட்டரும் இருக்கணும். ரெண்டும் உண்மையா இருந்தாத்தான் எரியும். ஒண்ணு பொய்யானாலும் பட்டினி."

"சரி."

"ஆர்ங்கறது நம்ம வீட்டுச் சாவி. உன்கிட்ட ஒண்ணு, மாமாகிட்ட ஒண்ணு. யாராவது ஒருத்தர் வந்தாப் போதும், கதவு திறந்துடும். ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாலும் திறக்கும்."

"ரெண்டு பேருமே வரலைன்னா?"

"அப்பத்தான் மூடிக் கிடக்கும். ஆர் பொய்யாகறதுக்கு அது ஒண்ணுதான் வழி. அப்புறம் நாட். இது எதிர்ப்பேச்சு. நீ ஆமான்னா அது இல்லைங்கும், நீ இல்லைன்னா ஆமாங்கும்."

"உன்னை மாதிரின்னு சொல்லு."

சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. இவ்வளவு லேசான விஷயத்துக்கா இவர்கள் இப்படிப் படம் காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"லேசுன்னு நினைக்காதே" என்றான், என் மனசைப் படித்தவன் போல. "நாட்டையும் ஆரையும் சேர்த்தா ஒரு படுகுழி இருக்கு. எல்லாக் கத்துக்குட்டியும் அதுல விழுவாங்க. உன் கடைக்கு ஒரு அம்மா வராங்க. சிவப்பும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம், மத்த கலர் காட்டுங்கன்னு சொல்றாங்க. நீ உள்ள இருக்கிற பொண்ணுகிட்ட, 'சிவப்பு இல்லைன்னாலும் சரி, கறுப்பு இல்லைன்னாலும் சரி, எடுத்து வை'ன்னு சொல்றே. அவ சொன்னதை அப்படியே செய்ற பொண்ணு. என்ன எடுத்து வைப்பா?"

நான் அந்தப் பெண்ணை மனசுக்குள் நிறுத்திப் பார்த்தேன். ஒரு பச்சைத் துணியை எடுக்கிறாள். சிவப்பு இல்லை. வைக்கிறாள். சரிதான். அடுத்து ஒரு சிவப்புத் துணி. சிவப்பு இல்லை என்பது பொய். கறுப்பு இல்லை என்பது உண்மை. ஒன்று உண்மையானால் போதுமே. வைக்கிறாள். கறுப்பை எடுக்கிறாள். அது சிவப்பு இல்லை. அதையும் வைக்கிறாள்.

"மொத்தக் கடையையும் கொண்டாந்து கொட்டிடுவாளேடா!"

"அதேதான்! ஒரே துணி முழுச் சிவப்பாவும் முழுக் கறுப்பாவும் இருக்க முடியாதுல்ல? அதனால ஏதாவது ஒண்ணு எப்பவுமே உண்மையா இருக்கும். அந்தக் கண்டிஷன் பொய்யாகவே ஆகாது. அங்க ஆர் போடக் கூடாது, அண்ட் போடணும். சிவப்பும் இல்லை, அதோட கறுப்பும் இல்லை. பேசும்போது ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். எழுதும்போது கால் வாரிடும்."

பாடம் புரிந்துவிட்ட பெருமையில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. "இப்ப ஹார்னோட கண்டிஷனைக் காட்டு" என்றேன்.

அவன் லேப்டாப்பைத் திறந்தான். "சென்சார் மூணுல ஒண்ணு சொல்லும்கா. சாதாரணம், சோதனை, கசிவு. சாதாரணம்னா பிரச்சினை இல்லை. சோதனைன்னா சென்சாரைக் கழட்டித் துடைக்கிற நேரம். அந்த ரெண்டுலயும் ஹார்ன் அடிக்கக் கூடாது. கசிவுன்னா மட்டும் அடிக்கணும். இதோ பாரு, இந்த வரி. ஆச்சரியக்குறி போட்டிருக்குல்ல, அதான் நாட். நடுவுல நிமிர்ந்து நிக்கிற ரெண்டு கோடு, அதான் ஆர்." விரலை வைத்து எனக்காகத் தமிழில் படித்தான். "சாதாரணம் இல்லை, அல்லது, சோதனை இல்லை என்றால், ஹார்னை..."

விரல் அந்த இரண்டு கோட்டின் மேலேயே நின்றுவிட்டது.

அவன் திரையை மேலே தள்ளினான், கீழே தள்ளினான், மறுபடி அதே வரிக்கு வந்தான். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். நெற்றியில் வேர்வை கோத்துக்கொண்டு நின்றது.

"இது... இது கொஞ்சம் வேற மாதிரிக்கா. உனக்குப் புரியாது" என்று லேப்டாப்பை மூடினான்.

புரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"சிவப்புத் துணி கறுப்பு இல்லையேடா" என்றேன். "சாதாரணமா இருக்கும்போது அது சோதனையில இல்லையே. அப்ப அடிக்கத்தானே செய்யும்? கசிவே இல்லைன்னாலும் அடிக்கும். எப்பவுமே அடிக்கும்."

"நான் டெஸ்ட் பண்ணேன்கா!" கத்தினான். "சத்தியமா பண்ணேன். ஆபீஸ்ல உக்காந்து கசிவுன்னு குடுத்துப் பார்த்தேன். உடனே அடிச்சுது. எல்லாரும் கை குலுக்கினாங்க."

"அடிக்குதான்னு பார்த்தே. அடிக்காம இருக்குதான்னு பார்த்தியா?"

அவன் தையல் மெஷின் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். என் கை தன்னாலே அவன் தலைக்குப் போனது. போன கையை இழுத்துக்கொண்டேன். என் கணவர் அந்த ஏணியில் ஏறி ஏறி இறங்கியது, இல்லாத கசிவைத் தேடிக் குழாய்க்கு அடியில் தவழ்ந்தது, நெட்டை கதவோரம் கிடந்தது, எல்லாம் சேர்ந்து என் கண் முன்னால் வந்து நின்றன. இப்படி ஒரு ஆத்திரம் என் பிள்ளை மாதிரி வளர்த்தவன் மேல் எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"இதே வரி வேற எங்கயாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"உருளைக்கிழங்கு குடோன்ல. அங்கயும் அம்மோனியாலதான் குளிர வைக்கிறாங்க" என்றான், தலையைத் தூக்காமலே. "அங்கயும் நான்தான் வெச்சேன்."

"அங்கயும் ஆளுங்க இருக்காங்கல்ல?"

"மாத்திடுறேன். எல்லாத்தையும் மாத்திடுறேன். நாளைக்கு விசாரணையில நானே எந்திரிச்சுச் சொல்லிடுறேன்கா. மாமாகிட்ட இப்பச் சொல்லாதே. என் வாயால சொல்ல விடு. அவரு முகத்தைப் பார்த்து நானே சொல்லணும்."

நான் சரி என்றேன். அவன் யோக்கியன் என்று நம்பினேன். நம்பாமல் வேறு யாரை நம்ப?

சாயங்காலம் திரும்பி வந்த என் கணவர் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "எங்கயோ கசிஞ்சுதான் இருக்கு" என்றார். "நான்தான் பார்க்கலை. கண்ணு மங்கிப்போச்சோ என்னவோ. வெள்ளைப் புகை வந்திருக்கும், எனக்குத் தெரியலை."

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"இல்லைம்மா. மெஷின் பொய் சொல்லாதுன்னு படிச்ச பையன் சொல்றான்ல. நான் கொன்னுட்டேன் அவனை."

நாக்கின் நுனி வரை வந்தது. நாளைக்குத் தெரிந்துவிடுமே, இன்னும் ஒரு பொழுதுதானே என்று விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஃபேக்டரி ஆபீஸில் எல்லோரும் கூடினோம். நெட்டையின் மனைவி மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தான். வக்கீல், "மேடம், இன்னைக்குப் பேச்சே வேண்டாம், நேர்ல பார்த்துடலாம்" என்று சொல்லி எல்லோரையும் மெஷின் ரூமுக்கு அழைத்துப்போனார்.

வால்வு மாற்றியிருந்தார்கள். ஹார்ன் வயரை மறுபடி இணைத்திருந்தார்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் கொடுத்தார்கள். ஹார்ன் வாயைத் திறக்கவில்லை. நின்று பார்த்தோம். அப்போதும் இல்லை. ஒருவர் அம்மோனியா நனைத்த பஞ்சைச் சென்சார் பக்கத்தில் கொண்டுபோனார். ஹார்ன் அலறியது. பஞ்சை எடுத்ததும் அடங்கியது.

"பார்த்தீங்களா மேடம்? கசிவு இருந்தா அடிக்குது, இல்லைன்னா அடிக்கலை. அன்னைக்கு அடிச்சுதுன்னா அன்னைக்குக் கசிவு இருந்திருக்கு. வால்வை மாத்தினதும் நின்னுடுச்சு. ஆபரேட்டர் இதை அன்னைக்கே செஞ்சிருந்தா ஒரு உயிர் போயிருக்காது."

என் கணவர் அந்த ஹார்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இருந்த நிலையை என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை. "ஆமா மேடம். நான்தான் பார்க்கலை" என்றார். அதிகாரி பேனாவை எடுத்தார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னதைச் செய்திருக்கிறான். வரியை மாற்றிவிட்டான். என்னிடமிருந்து நேராக இங்கே வந்து ஆரை எடுத்துவிட்டு அண்டைப் போட்டிருக்கிறான். மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"சொல்லுடா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் அசையவில்லை.

"மேடம், இந்த ஹார்ன் அன்னைக்கு இப்படி இல்லை. கசிவு இருந்தாலும் அடிக்கும், இல்லைன்னாலும் அடிக்கும். அண்ட் போட வேண்டிய இடத்துல ஆர் போட்டிருந்தான் என் தம்பி. நேத்து என் முன்னாடிதான் கண்டுபிடிச்சான். ராத்திரியோட மாத்திட்டான்."

வக்கீல் சிரித்தார். "உங்களுக்குக் கம்ப்யூட்டர் எழுதத் தெரியுமாம்மா?"

"தெரியாது. அவன் சொல்லிக் குடுத்த வரைக்கும் தெரியும்."

அதிகாரி தம்பியைக் கேட்டார். அவன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "அக்காவுக்கு மனசு சரியில்லை மேடம். மாமாவை நினைச்சு நினைச்சு... நான் சும்மா பொழுதுபோகறதுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்தேன். அதை வெச்சுக்கிட்டுக் குழப்பிக்கிறாங்க." குரல் பிசிறு தட்டாமல் வந்தது. நான் பெத்த மாதிரி வளர்த்த பிள்ளை, என்னைப் பைத்தியம் ஆக்கி நிறுத்திவிட்டான். என் கணவர்கூட என் தோளைத் தொட்டு, "விடும்மா" என்றார்.

"உருளைக்கிழங்கு குடோனுக்குப் போகலாம் மேடம்" என்றேன். "அங்கயும் இவன் வெச்சதுதான். அதைப் பாருங்க. அது ஒழுங்கா இருந்தா நான் பைத்தியம்னு எழுதிக்கோங்க."

அங்கேயும் போய் மாற்றியிருப்பானோ என்று எனக்குள் உதறல். ஆனால் குடோன் பேரைச் சொன்னதும் தம்பியின் முகத்தில் ரத்தம் இறங்கியதைப் பார்த்தேன். அதிகாரியும் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பேனாவை மூடி, "எவ்வளவு தூரம்?" என்றார்.

எல்லோருமே கிளம்பினோம், நெட்டையின் மனைவியும் வந்தாள். குடோனில் பெண்கள் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் ரூம் கதவுக்கு மேல் ஹார்ன் இருந்த இடத்தில் ஒரு கோணி மூட்டை தொங்கியது. சாக்கைச் சுற்றிச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து மூக்கடைத்தவன் முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அதுவா?" என்றார் குடோன் சூப்பர்வைசர். "வெச்ச அன்னைக்கு ஆரம்பிச்சது மேடம், இன்னும் ஓயலை. சொன்னா, எங்கயோ கசியுதுங்கிறாங்க. நாங்களும் சாக்கைக் கட்டிட்டோம்."

"கசிவைப் பார்த்தீங்களா?"

"என்னத்தைப் பார்க்கறது? சீசன் முடிஞ்சு கேஸ் மொத்தத்தையும் இறக்கியாச்சு. குழாயெல்லாம் காலி. ரிப்பேருக்காகப் பாதியைக் கழட்டியே வெச்சிருக்கோம், அதோ கிடக்குது பாருங்க."

கழற்றிய குழாய்கள் தரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அதிகாரி அவற்றைப் பார்த்தார், கோணியைப் பார்த்தார். "அவிழ்ங்க" என்றார்.

கயிற்றை அறுத்துச் சாக்கை உருவினார்கள். ஹார்ன் ஊளையிட்டது. சாக்கு உதறிய பெண்கள் காதைப் பொத்தினார்கள். என் கணவர் பொத்தவில்லை. பக்கத்தில் கிடந்த சாக்கு மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்து, "இதேதான், இதே சத்தம்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் வாயசைவு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கேவிக் கேவி அழுதார். நெட்டை செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

யாரோ மெயினை அணைத்தார்கள். அந்த அமைதியில் நெட்டையின் மனைவி என் தம்பிக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு அண்டும் தெரியாது, ஆரும் தெரியாது.

"என்ன தப்புப் பண்ணே நீ?" என்று கேட்டாள்.

"ஒரு குறி மாறிடுச்சு" என்றான்.

"குறின்னா?"

அவன் காற்றில் விரலால் இரண்டு கோடு போட்டுக் காட்டினான். அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அதுக்கு அவ்வளவு நீளமான மனுஷனையா?" என்று கேட்டாள். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "நீங்களும் புடுங்கினது புடுங்கினதுதான்ணா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

மாற்றியதை மறைத்ததற்காக அதிகாரி தம்பியைத் தன்னோடு காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார். ஜீப்பில் ஏறுவதற்கு முன் அவன் என் பக்கம் வந்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கேட்டால் என்ன செய்வேன் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"உனக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கவே கூடாதுக்கா" என்றான்.

அவனுக்கு அதுதான் தப்பாகப் பட்டிருந்தது. நான் வளர்த்த பிள்ளை அவன். ஜீப் கதவைச் சாத்தினார்கள். நான் உள்ளே போய் என் கணவரை மூட்டையிலிருந்து கைகொடுத்து எழுப்பினேன்.